மொத்தக் கொலஸ்ட்ரால் 232: அஞ்சுவதா, ஆறுதல் கொள்வதா?

பரிசோதனைக் கூடங்கள் தரும் கொலஸ்ட்ரால் அறிக்கை பெரும்பாலும் ஒரே பக்கத்தில் அடங்கிவிடும். இடப்பக்கம் ஏழெட்டுப் பெயர்கள், நடுவில் எண்கள், வலப்பக்கம் ஒவ்வொன்றுக்கும் உரிய இயல்பளவு என்று அமைந்த அந்தத் தாளில், வரம்பைத் தாண்டிய எண் மட்டும் தடித்த எழுத்தில் அச்சாகி, பக்கத்தில் ஓர் அம்புக்குறியையோ ‘எச்’ என்ற எழுத்தையோ தாங்கி நிற்கும். மாஸ்டர் செக்கப் முடித்துத் தாளை வாங்குபவரின் கண் முதலில் அந்தக் குறியைத்தான் தேடுகிறது. குறி இருந்தால் அச்சம், இல்லையென்றால் நிம்மதி என்ற அளவில் வாசிப்பு முடிந்தும் விடுகிறது. ஆனால் அந்தக் குறியை இடுவது கணினி. தாளுக்கு உரியவரின் வயது இருபத்தைந்தா அறுபதா, அவருக்குச் சர்க்கரை நோய் உண்டா, அவர் புகைப்பவரா, முன்பே மாரடைப்பு வந்து பிழைத்தவரா என்பன எவையும் அதற்குத் தெரியாது. எல்லோருக்கும் ஒரே வரம்பை வைத்து அச்சிடப்படும் தாளால் பிழை இரு பக்கமும் நேர்கிறது: அஞ்ச வேண்டாதவர் அன்றிரவு உறங்குவதில்லை; அஞ்ச வேண்டியவர் ‘எல்லாம் நார்மல்தான்’ என்று தாளை மடித்துப் பீரோவில் வைத்துவிடுகிறார். இவ்விரண்டில் பின்னதே கூடுதல் ஆபத்தானது; இந்தியர்களின் இரத்தத்தில் கொழுப்பு அமைந்திருக்கும் விதம் அந்தப் பிழைக்கு வழிவிடுகிறது என்பதால் அதனைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எட்டு வரிகள், மூன்று அளவீடுகள்

கொலஸ்ட்ரால் நஞ்சன்று. உயிரணுக்களின் சவ்வுக்கும், பல ஹார்மோன்களுக்கும், செரிமானத்துக்கு உதவும் பித்தநீருக்கும், வைட்டமின் டி-க்கும் மூலப்பொருளான அதனைப் பெருமளவு உடலே தயாரித்துக்கொள்கிறது; உணவிலிருந்து வருவது அதில் சிறு பங்குதான். கொழுப்பு தண்ணீரில் கரையாது என்பதால் இரத்தத்தில் அது தனியே ஓட முடியாமல், புரத உறையிட்ட நுண்துகள்களுக்குள் அடைந்து பயணம் செய்கிறது. கல்லீரலிலிருந்து புறப்பட்ட கொழுப்பை உடலெங்கும் கொண்டுசெல்லும் எல்.டி.எல். துகள்கள் அளவுக்கு மிஞ்சும்போது தமனிச் சுவருக்குள் நுழைந்து தங்கி, ஆண்டுக்கணக்கில் படிவாக வளர்கின்றன; எனவே அதற்குக் ‘கெட்ட கொழுப்பு’ என்று பெயர் வந்தது. மிச்சக் கொழுப்பைக் கல்லீரலுக்குத் திருப்பும் எச்.டி.எல். ‘நல்ல கொழுப்பு’ எனப்பட்டது. ட்ரைகிளிசரைடு என்பது கொலஸ்ட்ராலே அன்று. உண்ட உணவில் உடனே செலவாகாத ஆற்றலை உடல் சேமிக்கும் கொழுப்பு வடிவம் அது.

இந்த அறிவு ஒரே நாளில் வந்ததன்று. 1913-இல் ரஷ்யாவில் நிக்கோலாய் அனிச்கோவ் முயல்களுக்குக் கொலஸ்ட்ராலை ஊட்டித் தமனியில் படிவு உண்டாவதைக் காட்டினார், 1948-இல் அமெரிக்காவின் பிரேமிங்காம் நகரில் தொடங்கிய நெடுநாள் ஆய்வு, கொலஸ்ட்ரால் மிகுந்த மனிதர்களுக்கு மாரடைப்பு மிகுதியாக வருவதைப் பதிவு செய்தது, எல்.டி.எல். துகளை இரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்ளும் ஏற்பியை உயிரணுக்களின் மேல் கண்டறிந்த மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவரும் 1985-இல் நோபல் பரிசு பெற்றனர்.

தாளில் எட்டு வரிகள் இருந்தாலும் கூடத்தில் நேரடியாக அளக்கப்படுபவை பெரும்பாலும் மூன்றே: மொத்தக் கொலஸ்ட்ரால், எச்.டி.எல்., ட்ரைகிளிசரைடு. மற்றவை கூட்டல் கழித்தலில் பிறப்பவை. எல்லோரும் உற்று நோக்கும் எல்.டி.எல். எண்கூடப் பல தாள்களில் கணக்கிடப்பட்டதுதான். 1972-இல் வில்லியம் ஃப்ரீட்வால்டும் உடன் ஆய்வாளர்களும் வகுத்த சூத்திரப்படி, மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.-ஐயும் ட்ரைகிளிசரைடின் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்தால் கிடைப்பது அது. ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இச்சூத்திரம் செல்லாது. அதற்குக் கீழே இருந்தாலும் ட்ரைகிளிசரைடு ஏற ஏற, கிடைக்கும் எல்.டி.எல். உண்மையைவிடக் குறைவாகவே தெரியும். ட்ரைகிளிசரைடு 350 இருக்கும் ஒருவரின் தாளில் எல்.டி.எல். அழகாகக் குறைந்து காணப்பட்டால், அந்த அழகை நம்புவதற்கு முன் நேரடியாக அளக்கும் முறையில் ஒரு முறை பார்த்துக்கொள்வது தகும்.

> பெட்டிச் செய்தி: செலவில்லாத ஒரு கணக்கு
> மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்.டி.எல்.-ஐக் கழித்தால் ‘நான்-எச்.டி.எல்.’ கிடைக்கும். தமனியில் படியக்கூடிய எல்லாத் துகள்களின் கொலஸ்ட்ராலும் இந்த ஒரே எண்ணில் அடங்கிவிடும். ட்ரைகிளிசரைடு மிகுந்தவர்களுக்கு எல்.டி.எல்.-ஐவிட இது நம்பகமானது; வெறும் வயிற்றில் இரத்தம் கொடுத்தாலும் உண்டபின் கொடுத்தாலும் பெரிதாக மாறாது.
> சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன் ஆகிய நாடுகளின் தாள்களில் எண்கள் 5.2, 3.4 என்று சிறிதாக இருப்பதற்குக் காரணம் அலகு வேறு என்பதே. அங்குள்ள கொலஸ்ட்ரால் எண்ணை 38.67-ஆல் பெருக்கினால் இங்குள்ள மில்லிகிராம் கணக்குக்கு வந்துவிடும். ட்ரைகிளிசரைடை மட்டும் சுமார் 88.6-ஆல் பெருக்க வேண்டும்.

இரண்டு தாள்கள்

எடுத்துக்காட்டுக்காக இரண்டு தாள்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். முதல் தாளில் மொத்தக் கொலஸ்ட்ரால் 232, எச்.டி.எல். 62, ட்ரைகிளிசரைடு 100; சூத்திரப்படி எல்.டி.எல். 150. இரண்டாம் தாளில் மொத்தம் 188, எச்.டி.எல். 32, ட்ரைகிளிசரைடு 240, எல்.டி.எல். 108. மொத்தம் 200-க்குள் இருக்க வேண்டும் என்ற பழகிய வரம்பை மட்டும் பிடித்துக்கொண்டால், முதல் தாள் நோயாளியுடையது, இரண்டாவது நலமுள்ளவருடையது.

தாளுக்குப் பின்னால் உள்ள மனிதர்களைக் கொண்டுவந்தால் தீர்ப்பு தலைகீழாகிறது. முதல் தாள் 34 வயதுப் பெண்ணுடையது. அவருக்குச் சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் இல்லை, குடும்பத்தில் இளம் வயதில் மாரடைப்பு வந்தவர் எவரும் இல்லை என்று கொள்வோம். அவருடைய எல்.டி.எல். விரும்பத்தக்க அளவைவிட மிகுதிதான்; ஆயினும் தைராய்டைச் சோதித்து, உணவைத் திருத்தி, சில மாதங்கள் கழித்து மீண்டும் அளந்து பார்க்க அவருக்குத் தாராளமாக நேரம் இருக்கிறது. இரண்டாம் தாள் பத்தாண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ள, புகைப்பழக்கத்தை விடாத 52 வயது ஆணுடையது என்று கொண்டால், அவருக்கு 108 என்பது எவ்வகையிலும் இயல்பளவு ஆகாது. மருத்துவர்கள் அவருக்கு வைக்கும் இலக்கு 70-க்கும் கீழே. எச்.டி.எல்., ட்ரைகிளிசரைடு வரிகளில் அவருடைய தாளும் குறி இட்டிருக்கும். ‘மொத்தம் நார்மல்’ என்ற ஆறுதலில் அந்தக் குறிகள் கண்ணில் படாமல் போகின்றன.

இரண்டாம் தாள் கற்பனை என்றாலும் அதன் அமைப்பு இந்த மண்ணில் மிகப் பரவலானது. சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இணைந்து நாடெங்கும் நடத்திய ‘இண்டியாப்’ ஆய்வின் 2023-ஆம் ஆண்டு வெளியீட்டின்படி, பெரியவர்களில் 81 விழுக்காட்டினருக்கு இரத்தக் கொழுப்பின் ஏதேனும் ஓர் அளவு பிறழ்ந்திருக்கிறது. அதைப் பிரித்துப் பார்த்தால், மொத்தக் கொலஸ்ட்ரால் மிகுந்தவர்கள் 24 விழுக்காடு, எல்.டி.எல். மிகுந்தவர்கள் ஏறத்தாழ 21, ட்ரைகிளிசரைடு மிகுந்தவர்கள் 32, எச்.டி.எல். குறைந்தவர்களோ 67 விழுக்காடு. மேலைநாட்டுப் பாடநூல்கள் வரைந்த ‘உயர் கொலஸ்ட்ரால் நோயாளி’யின் உருவத்தை வைத்து இங்குள்ள தாள்களை வாசிப்பது எவ்வளவு பொருத்தமற்றது என்பதை இந்த எண்களே காட்டுகின்றன. இங்கு மிகுதியாகக் காணப்படுவது, குறைந்த எச்.டி.எல்., உயர்ந்த ட்ரைகிளிசரைடு, பார்வைக்கு நடுத்தரமான எல்.டி.எல். என்ற கூட்டு.

நடுத்தரமான எல்.டி.எல். ஏன் ஏமாற்றும் என்றால், தாள் அளப்பது துகள்களுக்குள் இருக்கும் சரக்கின் எடையை. தமனியைத் தாக்குவதோ சரக்கேற்றி ஓடும் வண்டிகளின் எண்ணிக்கை. ட்ரைகிளிசரைடு மிகுந்த இரத்தத்தில் எல்.டி.எல். துகள்கள் சிறுத்து, ஒவ்வொன்றும் குறைந்த சரக்கோடு ஓடுவதால், எடை குறைவாகத் தெரிய எண்ணிக்கை மிகுந்திருக்கும். துகளுக்கு ஒன்றாக அமைந்திருக்கும் ‘அப்போ பி’ என்ற புரதத்தை அளந்தால் இந்த எண்ணிக்கை வெளிப்படும். 52 நாடுகளில் நடத்தப்பட்டு 2004-இல் வெளிவந்த ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வில் மாரடைப்போடு மிக வலுவாகத் தொடர்புடையதாகத் தெரிந்தவற்றுள், இந்தப் புரதத்துக்கும் எச்.டி.எல். துகளின் புரதத்துக்கும் உள்ள விகிதமும் ஒன்று. அதே ஆய்வில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதிலும், பிற நாட்டவர்க்கு ஏறத்தாழ 59 வயதிலும் வந்ததாகத் தெரிந்தது. ஆறாண்டு வேறுபாடு என்பது ஒரு குடும்பத்தில் பிள்ளைகளின் படிப்பு முடிவதற்கு முன்பா பின்பா என்ற வேறுபாடு.

நல்ல கொழுப்பு என்னும் நம்பிக்கை

எச்.டி.எல். குறைந்தவர்க்கு மாரடைப்பு மிகுதி என்பது உண்மையாதலால், அதனை மருந்தால் உயர்த்தினால் நோய் குறையும் என்று மருத்துவ உலகம் நெடுங்காலம் எதிர்பார்த்தது. டோர்செட்ரபிப் என்ற மருந்து எச்.டி.எல்.-ஐ 70 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்திக் காட்டியது; ஆனால் மருந்து உண்டவர்களிடையே இறப்புகள் கூடியதால் 2006-இல் அந்தப் பெரும் சோதனை நிறுத்தப்பட்டது. நியாசின் மாத்திரையும் பிற்காலச் சோதனைகளில் பயன் தரவில்லை. ஆக, குறைந்த எச்.டி.எல். என்பது புகை, தொப்பை, உடலுழைப்பின்மை, இன்சுலின் சரிவர வேலை செய்யாமை ஆகியவற்றைச் சுட்டும் அறிகுறியாகவே கொள்ளத்தக்கது. எச்.டி.எல். 70 இருப்பவர், எல்.டி.எல். 180 இருந்தாலும் விகிதம் சரியாக இருக்கிறது என்று தேறிக்கொள்வதற்கும் இடமில்லை. தாளின் அடியில் அச்சாகும் விகித வரிகள் பலருக்குத் தவறான ஆறுதலைத் தருவதைத் தவிர வேறு பயன் தருவதாகத் தெரியவில்லை.

> பெட்டிச் செய்தி: வரம்பு வேறு, இலக்கு வேறு
> இந்திய இதயநோய் மருத்துவர் சங்கம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி:
> பொதுவாக நலமுள்ளவர்க்கு எல்.டி.எல். 100-க்குக் கீழ், நான்-எச்.டி.எல். 130-க்குக் கீழ்.
> சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு போன்றவற்றால் ஆபத்து மிகுந்தவர்க்கு எல்.டி.எல். 70-க்குக் கீழ், நான்-எச்.டி.எல். 100-க்குக் கீழ்.
> மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்க்கும், நாட்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர்க்கும் எல்.டி.எல். 55-க்குக் கீழ், நான்-எச்.டி.எல். 85-க்குக் கீழ்.
> இலக்கைத் தாண்டிய எல்லோருக்கும் மாத்திரை என்று இதற்குப் பொருளன்று. எங்கே தொடங்குவது என்பதை மற்ற ஆபத்துகளையும் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார்.

மாத்திரைக்கு முன் கேட்க வேண்டியவை

ஒரே மனிதரின் கொலஸ்ட்ரால் வாரத்துக்கு வாரம் சில விழுக்காடு ஏறி இறங்குவது இயல்பு. ட்ரைகிளிசரைடோ முந்தைய நாளின் விருந்துக்கும் மதுவுக்கும் ஏற்பக் கணிசமாகத் துள்ளும். எனவே 198-க்கும் 206-க்கும் இடையே பெரும் வேறுபாடு காண்பது வீண். கடுங்காய்ச்சல், அறுவை, மாரடைப்பு ஆகியவற்றை ஒட்டிய வாரங்களில் கொலஸ்ட்ரால் தற்காலிகமாகக் குறைந்தும், கருவுற்ற காலத்தில் மிகுந்தும் காணப்படும் என்பதால் அக்காலத்துத் தாள்களைத் தனியே வைக்க வேண்டும். வெறும் வயிற்றில்தான் இரத்தம் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இப்போது தளர்ந்திருக்கிறது. உண்டபின் எடுத்ததில் ட்ரைகிளிசரைடு மிக உயர்ந்திருந்தால் மட்டும் மறுமுறை வெறும் வயிற்றில் பார்த்தால் போதும்.

அதைவிட முதன்மையான கேள்வி, கொலஸ்ட்ரால் ஏறியதற்கு வேறு நோய் காரணமா என்பது. தைராய்டு சுரப்பு குறைந்தால் கல்லீரல் எல்.டி.எல்.-ஐ இழுத்துக்கொள்வது மந்தமாகி எண் ஏறும்; சிறுநீரில் புரதம் மிகுதியாக ஒழுகும் சிறுநீரக நோய், பித்தநீர்ப் பாதை அடைப்பு, கட்டுப்படாத சர்க்கரை, ஸ்டீராய்டு மருந்துகள் ஆகியவையும் அவ்வாறே தாளைக் கெடுக்கும். தைராய்டு குறைவைக் கண்டு சரிசெய்த சில மாதங்களில், கொழுப்புக்கென்று எதுவும் உண்ணாமலே எண் இறங்குவது அரிதன்று. நடுவயதுப் பெண்களில் தைராய்டுக் குறைவு மிகுதியாதலால், தைராய்டின் நிலையைக் காட்டும் டி.எஸ்.எச். சோதனை செய்யாமல் அவர்களுக்குக் கொலஸ்ட்ரால் மாத்திரையைத் தொடங்குவது முறையாகாது.

தட்டில் இருப்பதும் தாளில் தெரிவதும்

உணவைப் பற்றிய அறிவுரைகளில் பெரும்பாலானவை எந்த உணவு எந்த வரியை அசைக்கிறது என்பதைப் பிரித்துச் சொல்வதில்லை. எல்.டி.எல்.-ஐ உயர்த்துவதில் முதலிடம் நிறைவுற்ற கொழுப்புக்கு, அதாவது வெண்ணெய், நெய், கொழுப்பு மிகுந்த இறைச்சி, தேங்காய் எண்ணெய், பாமாயில் ஆகியவற்றில் மிகுந்திருக்கும் கொழுப்பு வகைக்கு. தேங்காய் எண்ணெயில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் இவ்வகையே. மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அது எல்.டி.எல்.-ஐச் சராசரியாக 10 மில்லிகிராம் அளவு உயர்த்துவது தெரிந்தது. நியாயவிலைக் கடையில் கிடைக்கும் பாமாயிலில் நிறைவுற்ற கொழுப்பு பத்தில் நான்கு பங்குக்கு மேல். நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் இது மிகக் குறைவு. கடலை எண்ணெய்ப் பொட்டலத்தின் மேல் ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்று அச்சிடுவது உண்மைதான் என்றாலும் பொருளற்ற உண்மை. எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் இருப்பதில்லை. டால்டா போன்ற வனஸ்பதியில் இருந்த டிரான்ஸ் கொழுப்பு இவை அனைத்தையும்விடத் தீயது. 2022 ஜனவரி முதல் எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் அது 2 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது நாட்டின் உணவுப் பாதுகாப்பு விதி.

முட்டையின் மீதான பழி இதனோடு ஒப்பிட்டால் சிறியது. ஒரு மஞ்சள் கருவில் ஏறத்தாழ 185 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் இருப்பினும், உணவில் வரும் கொலஸ்ட்ராலுக்கு ஏற்ப உடல் தன் தயாரிப்பைப் பெரும்பாலோரிடம் குறைத்துக்கொள்கிறது. மஞ்சள் கருவை ஒதுக்கிவிட்டு, அதே காலையில் நெய் மிதக்கும் பொங்கலும் வடையும் உண்பவர் எந்த வரியைக் காப்பாற்றுகிறார் என்பது விளங்கவில்லை.

ட்ரைகிளிசரைடு வரியின் கதையே வேறு. அதனை உயர்த்துவன சர்க்கரை, தீட்டிய வெள்ளை அரிசியின் மிகை, மைதா, மது ஆகியவை. ‘எண்ணெயே தொடுவதில்லை, சைவம்தான், பிறகும் ஏன்?’ என்று மருத்துவரிடம் கேட்பவர்களுக்கு விடை இங்கேதான் இருக்கிறது: கல்லீரல் மிகையான மாவுப்பொருளைக் கொழுப்பாக மாற்றி இரத்தத்தில் அனுப்புகிறது. ஆறுதல் தருவது, மாற்றத்துக்கு மிக விரைவாக இணங்கும் வரியும் இதுவே என்பது. சோற்றின் அளவைக் குறைத்துச் சுண்டல், பயறு, காய் ஆகியவற்றைக் கூட்டி, மதுவை விட்டு, நாள்தோறும் நடந்து, எடையில் சில கிலோ இறங்கியவர்களின் ட்ரைகிளிசரைடு வாரங்களிலேயே சரிகிறது. எல்.டி.எல். அவ்வளவு இணங்குவதில்லை, உணவுமாற்றத்தால் அது பொதுவாக 10 முதல் 15 விழுக்காடு இறங்கும். 140 என்பது 120 ஆவதற்கு அது போதும். 200 என்பது 70 ஆவதற்குப் போதாது.

கைவைத்தியத்துக்கும் ஒரு சொல் உண்டு. பச்சைப் பூண்டையும் பூண்டு மாத்திரையையும் ஆறு மாதம் கொடுத்து அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2007-இல் வெளிவந்த சோதனையில் எல்.டி.எல். அசையவில்லை; குக்குலு சாற்றைச் சோதித்து 2003-இல் வெளிவந்த ஆய்வில் அது இறங்குவதற்கு மாறாகச் சற்று ஏறியது. குழம்பில் பூண்டு சுவைக்காக இருக்கட்டும்.

> பெட்டிச் செய்தி: தள்ளிப்போடக் கூடாத எண்கள்
> எல்.டி.எல். 190-க்கு மேல் இருந்தால் பரம்பரைக் காரணத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். உணவுமாற்றத்துக்காக மட்டும் காத்திருப்பது தகாது.
> ட்ரைகிளிசரைடு 500-ஐத் தாண்டினால், குறிப்பாக 1,000-ஐ நெருங்கினால், இதயத்துக்கு முன்பே கணையத்துக்கு ஆபத்து. கடும் வயிற்றுவலியோடு வரும் கணைய அழற்சி உயிரையும் பறிக்கக்கூடும்.

ஸ்டேட்டின் மீதான அச்சம்

ஜப்பானிய ஆய்வாளர் அகிரா எண்டோ 1970-களில் ஒரு பூஞ்சையிலிருந்து பிரித்தெடுத்த பொருளின் வழிவந்தவை ஸ்டேட்டின் மருந்துகள். கல்லீரலின் கொலஸ்ட்ரால் தயாரிப்பைத் தடுத்து, இரத்தத்திலிருந்து எல்.டி.எல்.-ஐ மிகுதியாக இழுத்துக்கொள்ளுமாறு அதனைத் தூண்டுபவை. மாரடைப்போ நெஞ்சுவலியோ கண்ட 4,444 பேரைக் கொண்டு ஸ்காண்டிநேவிய நாடுகளில் நடத்தப்பட்டு 1994-இல் வெளிவந்த சோதனையில், மருந்து உண்டவர்களிடையே இறப்பு 30 விழுக்காடு குறைந்தது. பின்வந்த சோதனைகளின் தொகுப்பு, எல்.டி.எல். ஏறத்தாழ 39 மில்லிகிராம் இறங்குந்தோறும் மாரடைப்பு, பக்கவாதம் முதலிய பெருநிகழ்வுகள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவதைக் காட்டியது. தமிழ்நாட்டில் 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவர்க்கு முதலுதவியாகத் தரப்படும் மாத்திரைகளில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் ஆகியவற்றோடு அடோர்வாஸ்டேட்டினும் இடம்பெறுகிறது.

‘தொடங்கினால் ஆயுள் முழுக்க விட முடியாது, கல்லீரல் போய்விடும், தசை வலிக்கும்’ என்ற பேச்சு வாட்ஸ்அப் வழியே வீடுதோறும் சேர்ந்திருக்கிறது. பக்கவிளைவுகளால் ஸ்டேட்டினை நிறுத்தியிருந்த 60 பேருக்கு, மாதம் மாற்றி மாதம் உண்மை மாத்திரை, போலி மாத்திரை, மாத்திரையின்மை என்று கொடுத்துப் பார்த்த பிரிட்டன் ஆய்வில், உண்மை மாத்திரையில் தோன்றிய தொல்லையின் பத்தில் ஒன்பது பங்கு போலி மாத்திரையிலும் தோன்றியது. எஞ்சிய ஒரு பங்கைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. கடுமையான தசைச் சிதைவு மிக அரிதாக நேர்வதுண்டு, சர்க்கரை நோயின் விளிம்பில் இருப்பவர்க்குச் சர்க்கரை சற்று முன்னதாக வருவதும் உண்டு. மருந்தை மாற்றியோ, அளவைக் குறைத்து எசெட்டிமைப் என்ற வேறு வகை மருந்தைச் சேர்த்தோ பெரும்பாலோருக்கு வழி காண முடிகிறது; கருவுறத் திட்டமிடும் பெண்கள் மட்டும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

நிறுத்துவதில் நேரும் தவறு வேறு வகையானது. மாத்திரை தொடங்கி இரண்டு மூன்று மாதத்தில் எடுத்த தாளில் எல்.டி.எல். 68 என்று வந்தவுடன், ‘நார்மல் ஆகிவிட்டது’ என்று பலர் மாத்திரையை விட்டுவிடுகின்றனர். அந்த 68 மாத்திரையால் தாங்கப்பட்ட எண். விட்ட சில வாரங்களில் பழைய அளவுக்கே திரும்பிவிடும்.

குடும்பத்தின் தாள்

வழக்கமான பரிசோதனைத் தொகுப்பில் இடம்பெறாத ஓர் அளவு, 1963-இல் நார்வேயின் கோரே பெர்க் கண்டறிந்த லைப்போபுரோட்டீன் ‘ஏ’. இதன் அளவைப் பெரும்பாலும் மரபணுவே முடிவு செய்வதால் உணவும் நடையும் இதனை அசைப்பதில்லை. வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் பெரும்பாலும் போதும். 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால், எல்.டி.எல். இலக்கை மருத்துவர் இன்னும் இறுக்குவார். தந்தையோ உடன்பிறந்தாரோ ஐம்பது வயதுக்குள் மாரடைப்புக்கு ஆளான குடும்பங்களில் இச்சோதனையைக் கேட்டுப் பெறலாம்.

எல்.டி.எல்.-ஐ இழுக்கும் ஏற்பியிலேயே பழுதோடு பிறப்பவர்கள் உலகில் ஏறத்தாழ 250 முதல் 300 பேருக்கு ஒருவர். குதிகாலின் தசைநாண் தடித்திருப்பதும், 45 வயதுக்கு முன்பே கண்ணின் கருவிழியைச் சுற்றி வெண்வளையம் தோன்றுவதும் இதன் அடையாளங்கள். பெற்றோரில் ஒருவருக்கு இப்பழுது இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்குப் பாதி வாய்ப்பு உண்டு. அத்தை மகனையும் மாமன் மகளையும் மணம் முடிக்கும் வழக்கமுள்ள தமிழ்க் குடும்பங்களில், ஒரே பழுது இருபக்கமும் வந்து சேர்வதற்கான வாய்ப்பு பிற இடங்களைவிட மிகுதி. அவ்வாறு இரட்டையாகப் பெற்ற குழந்தைக்கு எல்.டி.எல். 400-ஐயும் தாண்டி, மாரடைப்பு பள்ளிப் பருவத்திலேயே வரக்கூடும். முழங்கையிலும் முழங்காலிலும் விரல் கணுக்களிலும் மஞ்சள் நிற முடிச்சுகள் தோன்றுவதால் அக்குழந்தையை முதலில் தோல் மருத்துவரிடமே கொண்டுசெல்கின்றனர். எனவே எல்.டி.எல். 190-ஐத் தாண்டிய ஒருவரின் தாளைப் பார்க்கும் மருத்துவர், அவருடைய உடன்பிறந்தாரையும் பிள்ளைகளையும், பள்ளிக்குப் போகாத வயதுடையவர்கள் உட்பட, ஒரு முறை இரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்வது வழக்கம்.